அசல் தட்டும் போலித் தட்டும்: இசைத்தட்டு சேகரிப்பின் ஒரு சின்ன வரலாறு

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு டி-சர்ட்டைக் கையில் எடுக்கும் வியாபாரி முதலில் காலரைப் புரட்டி லேபிளைப் பார்ப்பார். அடுத்து உள்பக்கம் ஓரமாகத் தைத்திருக்கும் வாஷ்-கேர் துண்டு. அதற்கப்புறம்தான் தையல், துணியின் கனம், பிரிண்ட் எல்லாம். எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய சரக்கா, இல்லை அதே மாதிரி லேபிள் அடித்து ஒட்டிய லோக்கல் சரக்கா என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இரண்டும் ஒரே நூலில், ஒரே ஊரில், சில சமயம் ஒரே தெருவில் தைத்ததாகவே இருக்கலாம். ஆனாலும் விலை வேறு.

பழைய இசைத்தட்டு சேகரிக்கிறவர்களின் உலகமும் ஏறக்குறைய இப்படித்தான். தட்டு கைக்கு வந்ததும் அவர்கள் பாட்டைப் போட்டுக் கேட்பதில்லை. நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்ப்பார்கள். அப்புறம் தட்டை வெளிச்சத்தில் சாய்த்து, பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழவழவென்று இருக்கும் வளையத்தைப் பார்ப்பார்கள். அதில் பொடிப்பொடியாகச் சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். தட்டின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது.

"பாட்டு ஒன்றுதானே, எந்தத் தட்டில் கேட்டால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. யார் பாடியது, எந்த வருஷம், எந்தக் கம்பெனி, காசு யாருக்குப் போனது என்ற விவரங்கள் எல்லாம் பாட்டில் இல்லை, தட்டில்தான் இருக்கின்றன. போலித் தட்டு பாட்டைக் காப்பியடிக்கிறது. ஆனால் அந்த விவரங்களை அழித்துவிடுகிறது, அல்லது பொய்யாக எழுதிவிடுகிறது. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பஞ்சாலை ஊர்களில் ஒரு பைத்தியம்

கோயமுத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பார்கள். அசல் மான்செஸ்டர் இருக்கும் லங்காஷயர் பகுதியில், பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த 1960-களிலும் 70-களிலும், தொழிலாளர் குடும்பத்துப் பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரு விசித்திரமான பைத்தியம் பிடித்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட், சிகாகோ போன்ற நகரங்களில் கறுப்பினப் பாடகர்கள் பாடி, அங்கே விற்காமல் போன சோல் இசைத் தட்டுகளைத் தேடிப் பிடித்து, விடிய விடிய ஆடுவது. அதற்கு 'நார்தர்ன் சோல்' என்று பெயர் வந்தது. மான்செஸ்டரின் 'ட்விஸ்டட் வீல்' கிளப் 1971-ல் மூடியது. 1973 முதல் 1981 வரை விகன் என்ற பஞ்சாலை, நிலக்கரி ஊரில் 'விகன் கேசினோ' நடந்தது.

இங்கே ஒரு விதி. எல்லோருக்கும் தெரிந்த ஹிட் பாட்டைப் போட்டால் மதிப்பில்லை. வேறு யாரிடமும் இல்லாத தட்டு இருப்பவர்தான் ராஜா. அதனால் தட்டு போடுகிற டி.ஜே.க்கள் லேபிளின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, பாடகர் பெயரையே மாற்றிச் சொன்னார்கள். போட்டியாளர் அதே தட்டைத் தேடிப் பிடித்துவிடக் கூடாதே!

இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் ஃபிராங்க் வில்சன். 1965-ல் மோடவுன் நிறுவனத்துக்காக அவர் பாடிய ஒரு பாட்டு விற்பனைக்கே வரவில்லை. முன்னோட்டத்துக்காக அச்சிட்ட தட்டுகள் அழிக்கப்பட்டதாகச் சொல்வார்கள். பிழைத்த ஒரு பிரதி பல வருஷம் கழித்து இங்கிலாந்து வந்து சேர்ந்து, ஆட்டக் கூடங்களில் ஒலித்தது. எந்தப் பெயரில்? எட்டி ஃபாஸ்டர் என்ற வேறொருவர் பெயரில். ஆயிரக்கணக்கானோர் ஆடினார்கள். பாடியவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தட்டின் ஒரு பிரதி 2009-ல் 25,742 பவுண்டுக்கும், 2020-ல் ஒரு பிரதி 1,00,000 பவுண்டுக்கும் விலை போனது. ஃபிராங்க் வில்சனோ பாடுவதை விட்டுவிட்டு மோடவுனில் தயாரிப்பாளராக வேலை பார்த்தவர்!

தேவை அதிகம், சரக்கு குறைவு என்றால் என்ன நடக்கும்? வணிகவியல் முதல் பாடமே அதுதான். ஒரு தட்டை வைத்து அதிலிருந்து சில நூறு காப்பி அச்சடித்து விற்க ஆட்கள் வந்தார்கள். 1970-களில் இங்கிலாந்தில் சோல் போலிகள் ஏராளம். அவற்றோடு கூடவே, போலியைப் பிடிக்கும் வித்தையும் வளர்ந்தது.

தட்டு எப்படிப் பிறக்கிறது?

அந்த வித்தை புரிய, தட்டு தயாராகும் முறை கொஞ்சம் தெரிய வேண்டும். முதலில் மெழுகிலோ (பிற்காலத்தில் லாக்கர் பூசிய தகட்டிலோ) ஊசி பாட்டைச் சுருளாக வெட்டும். அதன்மேல் மின்முலாம் பூசி உரித்தால் ஓர் உலோக அச்சு கிடைக்கும். அதற்கு 'ஃபாதர்' என்று பெயர். அதிலிருந்து 'மதர்', மதரிலிருந்து 'ஸ்டாம்ப்பர்'. இந்த ஸ்டாம்ப்பரை வைத்து அழுத்தித்தான் கடைக்கு வரும் தட்டுகள் அடிக்கப்படுகின்றன. அப்பா, அம்மா, பிள்ளை என்று முறையாக ஒரு வம்சம்.

மூல அச்சு தயாராகும்போதே, அது எந்த ஒலிப்பதிவு என்று அடையாளம் தெரிய ஒரு மேட்ரிக்ஸ் எண்ணை அந்த வழவழப்பான வளையத்தில் பொறித்துவிடுவார்கள். அந்த எண் வம்சம் முழுக்க இறங்கி வரும். சில தொழிற்சாலைகள் தங்கள் சொந்த அடையாளத்தையும் சேர்க்கும். லாஸ் ஏஞ்சலிஸின் மோனார்க் ஆலையில் அடித்த தட்டுகளில் ஒரு சின்ன முக்கோணமும் ஒரு எண்ணும் இருக்கும்.

போலி அடிப்பவரிடம் கம்பெனியின் ஸ்டாம்ப்பர் கிடையாது. அவரிடம் இருப்பது கடையில் வாங்கிய ஒரு தட்டு மட்டும். அதை ஓடவிட்டு, அந்த ஒலியைப் புதிதாக வெட்டி, புதிய வம்சம் தொடங்க வேண்டும். அதனால் எண்ணையும் அவரே பொறிக்க வேண்டும். அசலில் எந்திரத்தால் நேர்த்தியாக அச்சடித்த எண், போலியில் கையால் கோணல்மாணலாகக் கீறியிருக்கும். அல்லது இருக்கவே இருக்காது.

இன்னொரு சுவாரசியமான தடயம் பொருள். அமெரிக்காவின் சில ஆலைகள் 45 சுழற்சி சின்னத் தட்டுகளை வினைலுக்குப் பதில் ஸ்டைரீன் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்தன. அது வளையாது. அசல் ஸ்டைரீனில்தான் வந்தது என்று தெரிந்த ஒரு பாட்டு வளைகிற வினைலில் கிடைத்தால், பெட்டியை மூடிவிட்டு நடையைக் கட்டலாம்.

நம் ஊர்க் கதை

இந்தியாவில் தட்டுகளின் வரலாறு 1902-ல் சூடு பிடிக்கிறது. அந்த வருஷக் கடைசியில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தா வந்து கௌஹர் ஜான் போன்றவர்களைப் பதிவு செய்தார். அன்று இந்தியாவில் ஆலை இல்லை. மூல அச்சுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய், தட்டுகளாகத் திரும்பி வந்தன. ஹனோவரில் இருப்பவருக்கு இந்திய மொழி எதுவும் தெரியாது. அதனால் பாட்டு முடிந்ததும் பாடகர்களே தங்கள் பெயரை உரக்கச் சொல்லி முடித்தார்கள். எந்தப் போலியும் அழிக்க முடியாத லேபிள் அது. குரலிலேயே ஒட்டிய லேபிள்!

1908-ல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை வந்தது. 1920-களின் கடைசியில் டம்டம் ஆலை. அதன்பின் நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. தட்டு என்றால் டம்டம்தான். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டின் முக்கிய மூலப்பொருள் அரக்கு. மரத்தில் வாழும் பூச்சி சுரப்பது. உலகத்துக்கே அதை அதிகம் கொடுத்தது இந்தியாதான். பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையும், தியாகராஜ பாகவதர் தட்டும் ஒரே சரக்கு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இரண்டும் எளிதில் அழிந்துபோவதும் அதனால்தான். கைதவறினால் சுக்குநூறு.

கொங்குப் பகுதிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோயமுத்தூர் தாயி என்ற பாடகி 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தட்டுகளில் பாடியவர். 1912 வாக்கில் இந்தியா வந்த ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், தாயியின் தட்டுகளில் மயங்கி, அதன் அடிப்படையில் 'ராகமாலிகா' என்று பியானோவுக்கு ஒரு படைப்பே எழுதினார். டெட்ராய்ட் தட்டு லங்காஷயருக்குப் போய் ஆட்டம் போட வைப்பதற்கு ஐம்பது வருஷம் முன்பே, கோயமுத்தூர்க் குரல் ஒன்று பாரிஸுக்குப் போய்விட்டது.

1926-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பத்து வயதில் முதல் தட்டு கொடுத்தார். வீணை தனம்மாள் முதிய வயதில், 1930-களின் தொடக்கத்தில் சில தட்டுகளுக்கு வாசித்தார். 1938-ல் அவர் காலமானார். அவர் வாசிப்பு எப்படி இருந்தது என்று இன்று யாராவது கேட்க வேண்டுமென்றால், வழி அந்தத் தட்டுகள்தான். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் 27 வயதிலேயே போய்விட்டார். நாடக மேடையை ஆண்ட அந்தக் குரல் எஞ்சியிருப்பதும் அரக்கில்தான். ஏவி. மெய்யப்பன் படமெடுக்க வருவதற்கு முன் 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்ற பெயரில் சென்னையில் இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். தமிழ் சினிமாவின் ஒரு கால் தட்டுக் கடையில் ஊன்றியிருக்கிறது.

யாருடைய பாட்டு?

போலி என்றால் எதற்குப் போலி? சட்டம் என்ற ஒன்று இருந்தால்தான் சட்டவிரோதம் இருக்க முடியும். கிராமபோனின் முதல் வருஷங்களில் இன்னொருவர் தட்டைக் காப்பியடித்தால் தப்பா என்பதே தெளிவாக இல்லை. இங்கிலாந்தின் 1911 காப்புரிமைச் சட்டம் ஒலிப்பதிவுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. 1914-ல் அது இந்தியாவுக்கும் வந்தது.

தட்டு உரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதைத் தமிழ்நாடு பாரதியார் மூலம்தான் கற்றது. பாரதி பாடல்களை இசைத்தட்டாக்கும் உரிமை 1930-களில் ஒரு வியாபார நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பிறகு ஏவி. மெய்யப்பன் கைக்கு வந்தது. 1948-ல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது உரிமைப் பிரச்சினை எழுந்தது. தேசியக் கவியின் பாட்டு தனியார் சொத்தா என்று நாடு முழுக்கக் குரல் கிளம்ப, மெய்யப்பன் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமை ஆயின. ஒரு கவிஞரின் எழுத்தை மக்களுக்கே கொடுத்த அந்த நிகழ்ச்சிக்குப் பின்னால் கிராமபோன் ஊசி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது இருக்கும் 1957 காப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு பாதுகாப்பு. (பாடல் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. அது படைத்தவரின் ஆயுளைப் பொறுத்தது.) 1960-ல் வெளியான தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2020 கடைசியோடு முடிந்தது. ஆக, 'இது எந்த வருஷத்துத் தட்டு?' என்ற கேள்வி சேகரிப்பவரின் பெருமைக்கானது மட்டும் இல்லை. சட்டக் கேள்வியும்கூட. பதில் லேபிளில் இருக்கிறது.

1984-ல் அந்தச் சட்டத்தில் 52-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஒலிப்பதிவைத் தயாரித்தவர் பெயர், முகவரி. உரிமையாளர் பெயர், முகவரி. முதலில் வெளியான ஆண்டு. இவை தட்டிலோ உறையிலோ கட்டாயம் இருக்க வேண்டும். திருட்டுப் பதிவுக்குக் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை என்று தண்டனையையும் கூட்டினார்கள். ஏன் சரியாக 1984? அதற்குக் காரணம் தட்டு இல்லை. கேசட்.

மைக் செட்டும் ரெக்கார்டிங் சென்டரும்

1960-கள், 70-களில் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களில் எல்லார் வீட்டிலும் கிராமபோன் இருந்ததில்லை. தட்டு வாங்கியவர்களில் முக்கியமானவர் மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை எதுவானாலும் தென்னை மரத்தில் புனல் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு விடிய விடிய தட்டு போடுவார். பக்கத்துக்கு இரண்டு பாட்டு இருக்கும் ஈ.பி. தட்டுகள், எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள், 'திருவிளையாடல்' வசனத் தட்டு எல்லாம் ஊர் கேட்டது அவர் புண்ணியத்தில். அதனால்தான் இன்று கிடைக்கும் பல தமிழ்த் தட்டுகள் தேய்ந்து, லேபிளில் ஊர்ப் பெயரும் வரிசை எண்ணும் எழுதி, சவுண்ட் சர்வீஸ் முத்திரையோடு இருக்கின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இதைக் கறை என்பார். நம் ஊர்க்காரருக்கு அது முகவரி. கறையே சில சமயம் அசலுக்கு அத்தாட்சி.

லங்காஷயரில் தட்டுப் போலி பெருகியது போல் இங்கே ஏன் பெருகவில்லை? காரணம் எளிது. தட்டு அடிக்க ஆலை வேண்டும். பல பத்தாண்டுகள் இந்தியாவில் அந்தத் தொழில் பெரும்பாலும் ஒரே கம்பெனி கையில் இருந்தது. எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல் என்று லேபிள் நாலாக இருந்தாலும் முதலாளி ஒருவர்தான். பாலிடோர், இன்ரெகோ போன்ற போட்டியாளர்கள் வந்ததெல்லாம் பிற்பாடுதான். தனியாளாக ஒருவர் ஐந்நூறு திருட்டுத் தட்டு அடிக்க இங்கே வழியில்லை.

கேசட் அந்தப் பூட்டை உடைத்தது. பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், 1970-களின் கடைசியில் இந்தியாவில் பரவத் தொடங்கி 80-களில் பெருவெள்ளமானது. ஆலை தேவையில்லை. இரண்டு டெக் இருந்தால் போதும். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் 'ரெக்கார்டிங் சென்டர்' முளைத்தது. ஒரு வெள்ளைத்தாளில் பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு 60 அல்லது 90 நிமிடக் காலிக் கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து கொடுப்பார்கள். கடைக்காரரிடம் அசல் எல்.பி. இருக்கும். அதிலிருந்துதான் எல்லாருக்கும் காப்பி.

சட்டப்படி அது திருட்டு. ஆனால் இளையராஜாவின் இசை மில் வேலைக்குப் போகிறவர் வீட்டுக்கும், பனியன் கம்பெனிக்குள்ளும் போய்ச் சேர்ந்ததில் அந்தத் திருட்டுக்கும் பங்கு உண்டு. கூடவே இன்னொன்றும் நடந்தது. காப்பியில் பாடகர் பெயர், வருஷம், கம்பெனி, எண் எதுவும் இல்லை. கடைக்காரர் பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பட்டியல்தான். ஒரு தலைமுறை பாட்டை மனப்பாடமாகவும், பாடியவரைத் தப்பாகவும் தெரிந்துகொண்டது அப்படித்தான். பிறகு எம்.பி.3 வந்தபோது அந்தத் தப்புகள் அப்படியே இணையத்துக்கும் ஏறின.

1990-களின் தொடக்கத்தோடு இந்தியாவில் தட்டு அச்சடிப்பு அநேகமாக முடிந்துபோனது. தட்டுகள் பரணுக்கும், அங்கிருந்து பழைய இரும்புக் கடைக்கும் போயின. சென்னையில் பழைய தட்டுக்கும் புத்தகத்துக்கும் பேர்போன மூர் மார்க்கெட் 1985 தீயில் எரிந்தது தனிச் சோகம்.

மறுபடியும் மான்செஸ்டர்

பிறகு உலகம் முழுக்க வினைல் திரும்பி வந்தது. 2010-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் 'ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்' என்ற நிறுவனம் 'சொல்லச் சொல்ல' என்ற பெயரில் இளையராஜாவின் பழைய பாட்டுகளைத் தொகுத்துத் தட்டாக வெளியிட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆண்டி வோட்டல் மான்செஸ்டர் பகுதிக்காரர். சோல் தட்டு தேடி அலைந்த அதே வட்டாரத்துக் காதுகள் இப்போது கோலிவுட் பக்கம் திரும்பியிருந்தன. சரிகம (எச்.எம்.வி.யின் 2000-க்குப் பிந்தைய பெயர்) பழைய ஆல்பங்களை மறுபடி தட்டாக்கியது. 2024-ல் மும்பையில் ஓர் ஆலை மீண்டும் தட்டு அடிக்கத் தொடங்கியது.

விலை ஏறினால் போலி வரும். விகன் பாடம். இப்போது சில தட்டுகள் மட்டும் வெட்டித் தரும் எந்திரங்கள் இருப்பதால் பெரிய ஆலைகூடத் தேவையில்லை. ஆகவே தமிழ்த் தட்டு வாங்குகிறவர் கவனிக்க வேண்டியவை:

1. வளையத்தில் இருக்கும் மேட்ரிக்ஸ் எண். அசல் பிரதி ஒன்றின் எண்ணோடும், எழுத்து அமைப்போடும் ஒப்பிட வேண்டும். எண்ணே இல்லை என்றால் சந்தேகம்.

2. லேபிளின் அச்சு. போலி லேபிள் பெரும்பாலும் அசலைப் படம் பிடித்தோ ஸ்கேன் செய்தோ அடித்தது. பூதக்கண்ணாடியில் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். திடமாக இருக்க வேண்டிய நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

3. பொருள். 1930-களின் 78 தட்டு கனமாக, உடையக்கூடியதாக இருக்கும். 'கிட்டப்பா ஒரிஜினல்' என்று வினைலில் ஒன்று வந்தால் அது பின்னால் செய்தது.

4. காலப் பொருத்தம். 1970-களின் தட்டில் பார்கோடு இருக்காது. சரிகம என்ற கம்பெனிப் பெயர் இருந்தால் அது 2000-க்குப் பிந்தைய மறுவெளியீடு. மறுவெளியீடு போலி அல்ல. ஆனால் அதை முதல் பதிப்பு என்று விற்றால் மோசடி.

5. காது. தட்டு கண்ணாடி போல் புத்தம் புதிதாக இருக்கிறது, ஆனால் பாட்டில் பழைய கீறலின் 'டிக் டிக்' கேட்கிறது என்றால், அந்தக் கீறல் இந்தத் தட்டுடையது இல்லை. இதைப் பெற்ற தட்டுடையது. எம்.பி.3-யிலிருந்து அடித்திருந்தால் இன்னும் எளிது. கணினியில் அலைவரிசைப் படம் போட்டுப் பார்த்தால், தரம் குறைந்த எம்.பி.3-யில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல் ஒன்றும் இருக்காது.

6. உறையும் தட்டும். எச்.எம்.வி. உறைக்குள் ஏஞ்சல் தட்டு இருந்தால் உடனே போலி என்று சொல்லிவிடக் கூடாது. முதலாளி ஒருவர்தானே. மைக் செட்காரர் அவசரத்தில் மாற்றிப் போட்டிருப்பார்!

எலுமிச்சம்பழச் சந்தை

ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரை வணிகவியல் மாணவர்களுக்குப் பரிச்சயமாக இருக்கலாம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுவும் காரணம். பழுதான பழைய காரை அமெரிக்கர்கள் 'லெமன்' என்பார்கள். வாங்குகிறவருக்கு நல்ல காரையும் லெமனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், அவர் எதற்கும் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்கமாட்டார். கடைசியில் சந்தையில் லெமன் மட்டும் மிஞ்சும்.

தமிழ்த் தட்டுச் சந்தையில் இது தலைகீழாகவும் நடக்கிறது. இங்கே பல சமயம் தெரியாதவர் விற்பவர். தாத்தா வைத்துவிட்டுப் போன பெட்டியில் இருப்பது என்ன என்று தெரியாமல் கிலோ கணக்கில் எடைக்குப் போடுகிறார். அசல் உடைந்து குப்பைக்குப் போகிறது. அந்தப் பாட்டின் பெயர் தெரியாத காப்பி இணையத்தில் சாகாவரம் பெற்று வாழ்கிறது.

இதைத் தடுத்தவர்கள் சேகரிப்பாளர்கள். சென்னையின் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைச் சேர்த்தார். 'யார் பாடியது, யார் இசை' என்ற கேள்விகளுக்குத் தட்டை ஆதாரமாக வைத்தே பதில் எழுதினார். 1990-ல் மும்பையில் இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர்கள் சங்கம் தொடங்கியது. மைக்கேல் கின்னியர் என்ற ஆஸ்திரேலியர் கிராமபோன் கம்பெனியின் ஆரம்ப கால இந்தியப் பதிவுகளை எண்வாரியாகப் பட்டியலிட்டு 1994-ல் நூலாக்கினார். சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறது. இவர்கள் வேலை இல்லையென்றால் கோயமுத்தூர் தாயி என்ற பெயர்கூட இன்று பலருக்குத் தெரிந்திருக்காது.

இதில் ஒரு சிக்கலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காப்பி அடித்தவர்கள் எல்லாரும் வில்லன்கள் இல்லை. கம்பெனி மறந்துவிட்ட பல பாட்டுகள் ரெக்கார்டிங் சென்டர் கேசட்டிலும், யாரோ வீட்டில் பதிந்த டேப்பிலும்தான் உயிரோடு இருக்கின்றன. ஃபிராங்க் வில்சன் பாட்டும் வேறு பெயரில் ஒலித்ததால்தான் முதலில் பிழைத்தது. காப்பி பாட்டைக் காப்பாற்றியது. ஆனால் பாடகரைத் திருப்பிக் கொண்டுவந்தது, லேபிளையும் எண்ணையும் பார்த்துத் தோண்டியவர்கள்தான். காப்பி அடித்து, 'இது காப்பி, அசல் இன்னது' என்று எழுதி வைப்பவருக்குப் பெயர் ஆவணக் காப்பாளர். அதை மறைத்து விற்பவருக்குப் பெயர் வேறு.

திருப்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மைக் செட் வைத்திருந்த குடும்பங்கள், மூடிப்போன ரெக்கார்டிங் சென்டர்கள் எத்தனையோ உண்டு. அந்தப் பரண்களில் தட்டுப் பெட்டிகள் இன்னும் இருக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு தட்டுக்கும் நாலு விஷயம் குறித்துக்கொண்டால் போதும்: லேபிளின் பெயர், லேபிளில் அச்சிட்ட எண், வளையத்தில் பொறித்த எண், அதில் யாராவது கையால் எழுதி வைத்த ஊரும் பேரும். செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்தால் இன்னும் நல்லது. தட்டு விற்றே போனாலும் அந்த நாலு வரி வீட்டில் இருக்கும். அதே பாட்டுக்கு நாளை யாராவது தப்பான பெயர் போட்டால், எடுத்துக் காட்ட ஓர் ஆதாரம் இருக்கும்.